குப்பை மேட்டில் கிடைத்தவனின் ஜாதகம்

கொப்ரேயஸ் திருடன் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஊரில் எவனும் அவனைப் பற்றிப் பேசும்போது இதை முதலில் சொல்வதில்லை. "நல்ல பையன்தான், ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த "ஆனா"வைக் கேட்டாலே எனக்குக் கை அரிக்கும்.

நான் ஏரித் துறையில் மூட்டை தூக்குகிற கூட்டத்துக்குத் தலைவன். பெயர் ஹோரியோன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அன்றே பள்ளிக்கூடம் முடிந்தது. அப்புறம் தோளில் மூட்டை ஏறிவிட்டது. அலெக்சாந்திரியாவில் படித்தவனுக்குப் பஞ்சமில்லை. கோயில் வாசலுக்குப் போனால் வானத்தைப் பார்த்து வயிறு வளர்க்கிறவன் வரிசையாக உட்கார்ந்திருக்கிறான். கொப்ரேயஸைப் பற்றி அவர்கள் சொன்னது போதும். இது நான் சொல்வது.

கொப்ரேயஸ் என்றால் குப்பன். இந்த ஊரில் குப்பனும் குப்பாயியும் தெருவுக்குத் தெரு உண்டு. வேண்டாத பிள்ளையைக் குப்பை மேட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அதை எடுத்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். எடுத்தவர் குப்பையின் பெயரையே வைத்துவிடுவார். கண் படாது, சாவும் தொடாது என்று ஒரு கணக்கு.

இவனை எடுத்தது தெர்மூதிஸ் அக்கா. ரொட்டி சுட்டு விற்கிறவள், புருஷனை ஏரியில் பறிகொடுத்தவள். விடியற்காலையில் அடுப்புச் சாம்பலைக் கூடையில் அள்ளிக்கொண்டு மேட்டுக்குப் போனாள். நான் அப்போது மீசை அரும்பிய பயல், துறைக்குப் போகிற வழியில் இருந்தேன். எண்ணெய் வியாபாரி டியோகாஸ் உடைந்த ஜாடிகளைக் கொட்ட வந்தவன், மேட்டின் மறுபக்கம் நின்றான். அக்கா குனிந்து ஒரு துணி மூட்டையை எடுத்தாள். அவ்வளவுதான், டியோகாஸ் தொண்டை கிழியக் கத்தினான்:

"ஹெர்மெஸ் பொது!"

வழியில் ஒரு பொருள் கிடைத்தால் அது ஹெர்மெஸ் சாமி போட்டது என்பது எங்கள் வழக்கு. வழிக்கும் அவர்தான் சாமி, வியாபாரத்துக்கும் அவர்தான். சேதி கொண்டு போகிறவன், பொய் சொல்கிறவன், திருடுகிறவன், எல்லாரும் கும்பிடுவது அவரைத்தான். பிறந்த அன்றே தொட்டிலை விட்டு இறங்கி அண்ணனுடைய மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவர். அவர் போட்ட பொருளைக் கண்டெடுத்தவன் மடியில் முடிவதற்குள், பக்கத்தில் இருக்கிறவன் "ஹெர்மெஸ் பொது" என்று கத்திவிட்டால் பாதி அவனுக்கு. இதில் உறவுக்காரன், அயலான் என்ற பேச்சே கிடையாது.

டியோகாஸ் ஓடி வந்தான். "என்னக்கா? துணியா? பாதி எனக்கு, சொல்லிட்டேன்!"

அக்கா மூட்டையைப் பிரித்தாள். உள்ளே இருந்தது கை காலை உதைத்துக்கொண்டு அழுதது.

"சீ!" என்றான் டியோகாஸ். "என் பாதியையும் நீயே வெச்சுக்க."

"எந்தப் பாதிய சொல்ற? மேல் பாதியா, கீழ்ப் பாதியா?" என்றாள் அக்கா. "கீழ்ப் பாதிதான் இப்ப நனைஞ்சிருக்கு. எடுத்துட்டுப் போறியா?"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அன்றைக்கு அது வெறும் வேடிக்கை. குழந்தையை அக்கா மாவுக் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துக் கொடுத்தாள். பிழைத்துக்கொண்டது.

பிழைத்ததோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. பிள்ளை நிலைக்குமா, நாளைக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளுமா என்று தெரிய வேண்டும் அவளுக்கு. ஒரு கூடை ரொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலுக்குப் போய், ஜோசியர் செராபம்மோன் முன்னால் உட்கார்ந்தாள். அந்த ஆள் ஒரு பலகை வைத்திருப்பான். அதில் ராசிகள் வரைந்திருக்கும், ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு கல். கல்லை எடுத்து எடுத்து வைப்பதைப் பார்த்தால் சமையல்காரன் உப்புப் போடுகிற மாதிரி இருக்கும்.

அங்கே நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள்.

"எந்த நேரத்துல பொறந்தான்?" என்று கேட்டிருக்கிறான் ஜோசியன்.

"தெரியாதுங்க ஐயா. குப்பை மேட்டுல கெடச்சான்."

"கெடச்ச நேரம் தெரியுமா?"

"விடியறப்பங்க. சாம்பல் கொட்டப் போனேன்."

"அது போதும்மா. கண்டெடுத்ததுக்கு எல்லாம் கண்டெடுத்த நேரந்தான் பொறந்த நேரம்."

அதை வைத்துப் பலகையில் கல்லை அடுக்கினான். ஹெர்மெஸ் சாமி வானத்தில் புதனாக இருக்கிறார் அல்லவா, அந்தப் புதன் அன்றைக்கு விடியலில் கிழக்கே எழும்பிக்கொண்டிருந்ததாம். தனியாக இல்லையாம். பக்கத்தில் செவ்வாய்.

"புதனுக்குன்னு தனி கொணம் கெடையாதும்மா," என்றானாம். "யாரோட சேருதோ அவங்க கொணம் ஒட்டிக்கும். சனியோட சேந்தா வாய் தெறக்க மாட்டான். வியாழனோட சேந்தா நல்ல கணக்கப்பிள்ளை ஆவான். இது செவ்வாயோட சேந்திருக்கு. நாக்கும் வேகம், கையும் வேகம். வீட்டுல இருக்கறதப் பூட்டி வெச்சுக்க."

பூட்டி வைக்க அவள் வீட்டில் என்ன இருந்தது? மாவும் சாம்பலும். ஆனாலும் முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள். எனக்கு அன்றைக்கே கோபம் தலைக்கு ஏறியது.

"அக்கா, நீ குளிப்பாட்டுனப்ப நானுந்தான் பாத்தேன். புள்ளைக்குத் தொப்புளே ஆறிப் போயிருந்துச்சு. பொறந்து எவ்வளவோ நாள் ஆன புள்ளைக்கு, அந்த விடியலுக்கு ஜாதகம் எழுதுறானா அவன்?"

"ஆமா, ஆறித்தான் இருந்துச்சு."

"அத அவன்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். கண்டெடுத்த நேரம்தான் கணக்குன்னுட்டாரு. பெரியவரு அவரு, நமக்கு என்ன தெரியும்?"

"அப்ப வழியில நான் ஒரு கெழட்டுக் கழுதையக் கண்டெடுத்தா, அது அன்னைக்குத்தான் பொறந்ததா?"

"கழுதைய விடு. நீ கத்தாத, புள்ள முழிச்சுக்கும்."

நான் கத்தாமல் போனேன். அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ரொட்டி வாங்க வந்த ஒருத்தியிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே விடியலில் கோயில் எழுத்தர் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. அவன் நிஜமாகவே அப்போதுதான் பிறந்தான். அதே வானம், அதே புதன், அதே செவ்வாய், அதே ஜோசியன். அந்தப் பிள்ளைக்கு என்ன எழுதினான் தெரியுமா? "வழக்காடு மன்றத்தில் எதிராளியை மடக்கும் நாக்கு. கை வைத்த காரியம் வேகமாக முடியும்." அந்தப் பையன் இன்றைக்கு வக்கீல். எத்தனை விதவைகளுடைய திராட்சைத் தோட்டம் அவன் கைக்கு வேகமாக வந்து முடிந்தது என்று ஏரிக்கரையில் விசாரித்துப் பாருங்கள். அவனைப் பார்த்து எவனும் பெட்டியைப் பூட்டவில்லை. எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள்.

குப்பை மேட்டுப் பிள்ளைக்கு நடந்ததே வேறு. கொப்ரேயஸ் நடக்க ஆரம்பித்ததும் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது காணாமல் போக ஆரம்பித்தது. முன்னாலும் போய்க்கொண்டுதான் இருந்தது, அப்போது எலி எடுத்தது, பூனை எடுத்தது, புருஷன் எடுத்துக் குடித்தான். இப்போது எல்லாவற்றையும் இவன் எடுத்தான். ஒருத்தியின் சீப்பு காணவில்லை என்று அக்கா வீட்டு மாவுப் பானையைக் கவிழ்த்தே தேடினார்கள். சீப்பு அவள் தலையிலேயே, கொண்டைக்குப் பின்னால் சொருகியிருந்தது. அதற்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? "பயந்துபோய்த் திருப்பி வெச்சிட்டான்."

நெசவு கற்றுக்கொள்ளட்டும் என்று அக்கா ஒரு தறிக்காரனிடம் கூட்டிக்கொண்டு போனாள். "எனக்கு நூல்தான் சொத்து, தாயி. நீ வேற எடம் பாரு," என்றான். கண்ணாடி ஊதுகிறவனும் அப்படியே. விருந்தில் இவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். ஒருவன் இல்லை, எல்லாரும். இவனுக்கு அது பழகிப் போய், உட்கார்ந்தவுடன் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துவிடுவான்.

டியோகாஸ் இருக்கிறானே, அவன் குப்பை மேட்டுக் கதையை மதுக்கடையில் சொல்லிச் சொல்லியே வயதானவன். "என் பாதி வர்றான் பாரு! டேய் பாதி, இன்னைக்கு எதத் திருடின? பங்கு எங்கடா?" கடை முழுக்கச் சிரிக்கும். கொப்ரேயஸும் சிரிப்பான். நான் ஒரு நாள் டியோகாஸின் கோப்பையைத் தட்டிவிட்டேன். "உனக்கு எங்கடா வலிக்குது?" என்று என்னைக் கேட்டார்கள்.

கடைசியில் அவனை என் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டேன். தூக்குவதில் சுமார்தான். ஆனால் குரல் இருக்கிறதே! பெரிய கல்லையோ மதுத் தாழியையோ தூக்கும்போது எல்லாருடைய மூச்சும் ஒன்றாக எழ வேண்டும். இல்லையென்றால் ஒருவன் முதுகு போய்விடும். அதற்கு ஒருவன் குரல் கொடுக்க வேண்டும். அவன் துறைப் பலகைமேல் நின்று "ஹே... ஏஏ... ஹோய்!" என்றால் கல் தானாக எழும்புகிற மாதிரி இருக்கும். ஏரியின் நடுவில் நிற்கிற படகுக்காரன் திரும்பிப் பார்ப்பான். அவன் குரல் கொடுத்த காலத்தில் என் ஆட்களில் ஒருவனுக்கும் முதுகு போகவில்லை.

சந்தையில் கூவுகிற கிழவர் காய்ச்சலில் செத்தபோது, அந்த வேலைக்குத் தான் போய் நிற்கப் போவதாக அவன் என்னிடம் சொன்னான்.

எனக்குத் திக்கென்றது. கூவுகிற வேலை என்றால் வெறும் தொண்டை இல்லை. கப்பல் வந்தது, வரி வந்தது, ஏலம் வந்தது என்று கூவ வேண்டும், சரி. ஆனால் ஊரில் கண்டெடுத்த பொருளெல்லாம் முதலில் அவனிடம்தான் வரும். சந்தை நடுவே ஹெர்மெஸ் கல் நிற்கிறதே, தலையும் தாடியும் மட்டும் செதுக்கின தூண், அதன் அடியில் ஒரு பெட்டி. கிடைத்ததை அதில் போட்டு, மூன்று சந்தை நாளில் கூவ வேண்டும். சொந்தக்காரன் வந்தால் கொடுத்துவிட வேண்டும். வரவில்லையென்றால் கண்டெடுத்தவனும் "பொது" என்று கத்தினவனும் பங்கிட்டுக்கொள்வார்கள். அந்தப் பெட்டியின் சாவி கூவுகிறவன் இடுப்பில்.

"தர மாட்டானுக, டேய்," என்றேன். "எதுக்குப் போய் அவமானப்படுற? இங்க உனக்கு என்ன கொறை?"

அவன் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். நிமிராமல் சொன்னான்: "மாமா, ஊர்ல எல்லாரும் என் கையத்தான் பாக்குறாங்க. ஒரு தடவையாச்சும் என் மூஞ்சியப் பாக்கணும். அந்தக் கல்லுப் பக்கத்துல நின்னு கூவுறவன் மூஞ்சியப் பாத்துத்தான ஆகணும்?"

அவன் என்னிடம் வாய் திறந்து ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

ஆளைத் தேர்ந்தெடுக்கிற அன்றைக்குச் சந்தை அதிகாரி பந்தலுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்குச் சாப்பாட்டு நினைப்பு. அடிக்கடி வீட்டுப் பக்கம் பார்த்தார். வேலை கேட்டு நின்றது இரண்டே பேர். கொப்ரேயஸ் ஒருவன். இன்னொருவன் டியோகாஸின் மருமகன் நீலோஸ். டியோகாஸுக்கு ஏன் இந்த வேலைமேல் கண் என்று எனக்குத் தெரியும். கூவுகிறவன் எந்தக் கடை எண்ணெயை முதலில் கூவுகிறானோ அதுதான் விற்கும்.

முதலில் குரல் பார்த்தார்கள். நீலோஸ் கூவினான். பந்தலுக்கு வெளியே நின்ற மீன்காரி, "யாரோ இருமுறாங்க, தண்ணி குடுங்க," என்றாள். அப்புறம் கொப்ரேயஸ் கூவினான். சந்தையின் அந்தக் கோடியில் தராசு பிடித்தவன் தராசைக் கீழே வைத்தான். அதிகாரி முகத்தில் சந்தோஷம், சாப்பாட்டுக்குப் போகலாம் என்று. "இவந்தான். முடிஞ்சுது," என்று எழப் போனார்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றான் டியோகாஸ். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜோசியன் செராபம்மோனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். பலகையோடு வந்திருந்தான் அந்த ஆள். கிழடு தட்டியிருந்தான், கல் வைக்கும்போது கை நடுங்கியது. நாக்கு நடுங்கவில்லை. புதன் இங்கே, செவ்வாய் இங்கே, உதயம் இங்கே என்று சொல்லி முடித்து, "இவன் கையில சாவி குடுக்கறது சந்தைக்கு நல்லதில்ல," என்றான்.

கூட்டம் தலையாட்டியது. அத்தனை தலையும். சற்றுமுன் அந்தக் குரலுக்குத் தராசைக் கீழே வைத்தவனும் தலையாட்டினான்.

நான் முன்னால் போய்விட்டேன். "உன் பலகைய எடுத்து ஏரியில போடு, ஐயா! இவன் எங்கூட எத்தனையோ வருஷமா துறையில இருக்கான். என் துறையில ஒரு ஆணி காணாமப் போயிருக்கா? எவனாவது ஒருத்தன், இவன் எடுத்ததைக் கண்ணால பாத்தேன்னு சொல்லு. ஒருத்தன்!"

ஒருவனும் சொல்லவில்லை. "இன்னும் எடுக்கல," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று தெரிந்திருந்தால் இன்றைக்கு அவன் பல் எண்ணிக்கை குறைந்திருக்கும்.

தெர்மூதிஸ் அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். "ஐயா, புதன் சேந்தவங்க கொணத்த எடுத்துக்கும்னு நீங்கதான எனக்குச் சொன்னீங்க? அவன் என்னோட சேந்து வளந்தான். இந்தத் தெருவோட சேந்து வளந்தான். அப்ப நான் திருடியா? இவங்கள்லாம் திருடங்களா? சொல்லுங்க."

ஜோசியன், "அம்மா, அது வானத்துல சேர்றது, வாசல்ல சேர்றதில்ல," என்றான். கூட்டம் சிரித்தது. அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் ஜோசியனைப் பார்த்துக் கையை ஓங்கிவிட்டேன்.

கொப்ரேயஸ் என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே அதிகாரியிடம் பேசினான். கத்தவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"ஐயா, நான் பொறந்த நேரம் யாருக்கும் தெரியாது. இந்த ஜாதகம் என்னையக் கண்டெடுத்த நேரத்துக்கு எழுதினது. அப்பிடித்தானங்க பெரியவரே?"

"ஆமா. நீ கண்டெடுத்த பொருள். அதுதான் உன் உதயம்," என்றான் ஜோசியன்.

"சரி. டியோகாஸ் மாமா, நீங்களும் அத ஒத்துக்கிறீங்களா? நான் கண்டெடுத்த பொருள்தானா?"

"பின்ன? என் கண்ணால பாத்தவன் நான்."

"பாத்தது மட்டுமா? என்னமோ கத்தினீங்கன்னு மதுக்கடையில சொல்வீங்களே."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தக் கதையைக் கேட்காதவன் அந்தச் சந்தையில் ஒருவன்கூட இல்லை. மீன்காரிதான் சொன்னாள்: "ஹெர்மெஸ் பொதுன்னு கத்தினாரு! பாதிப் புள்ள இவரோடது!"

"அப்ப என்னையக் கண்டெடுத்தவங்க ரெண்டு பேரு," என்றான் கொப்ரேயஸ். "ஐயா, போன வருஷம் ரெண்டு படகுக்காரங்க ஒரு பொட்டலத்தக் கண்டெடுத்துப் பங்கு போட்டாங்க. அது கோயில் சாமான்னு அப்புறம் தெரிஞ்சுது. ஒருத்தன் எடுத்தவன், ஒருத்தன் சும்மா கத்தினவன். நீங்க யாருக்குத் தண்டனை குடுத்தீங்க?"

அதிகாரி இப்போது வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. "ரெண்டு பேருக்குந்தான். பங்கு கேட்டவன் பழிக்கும் பங்கு. அதான சட்டம்."

"அதான் கேக்குறேன். நான் கண்டெடுத்த பொருள்னா, என்னால வர்ற பழியில பாதி டியோகாஸ் மாமாவோடது. பெட்டியில ஒரு மோதிரம் கொறைஞ்சா அவரு பாதிக்கு ஜவாப்தாரி. இவ்ளோ பெரிய எண்ணெய்க் கடை வெச்சிருக்கவரு ஜாமீன் நின்னா, சந்தைக்கு என்ன பயம்? அப்பிடி இல்ல, நான் பொருள் இல்ல, மனுஷப் புள்ளன்னு சொன்னா, அந்த ஜாதகம் என்னோடது இல்ல. மாமாவே சொல்லட்டும், எது வேணும்னு."

சந்தையில் வெடித்தது சிரிப்பு. ஒருவன் டியோகாஸின் முதுகில் தட்டி, "ஜாமீனு! ஜாமீனு!" என்று கத்தினான்.

"அது... அது விளையாட்டுக்குக் கத்தினதுங்க ஐயா," என்றான் டியோகாஸ். கழுத்தெல்லாம் வேர்வை.

"இத்தன வருஷமா என்கிட்ட பங்கு கேட்டதுமா?" என்றான் கொப்ரேயஸ்.

"அதுவும் விளையாட்டுத்தான்டா! நீ பொருளா என்ன? புள்ளதான!"

"எழுதிக்கங்கய்யா," என்றான் கொப்ரேயஸ் அதிகாரியைப் பார்த்து. "புள்ளதானாம்."

ஜோசியன் கல்லையெல்லாம் பைக்குள் அள்ளிக்கொண்டிருந்தான். அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தபடி சாவியை எடுத்து நீட்டினார். வேலை கிடைத்துவிட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். அன்றைக்குச் சந்தை கலையும்போது என் காதில் விழுந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். வெங்காயக்காரி பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்கிறாள்: "பாத்தியாடி, என்னமா மடக்குறான்! புதனும் செவ்வாயும் சும்மாவா? ஜாதகம் பொய்யே சொல்லல!" பக்கத்துக் கடைக்காரி: "பொய் சொல்லுமா? ஒரு பெரிய மனுஷனையே ஏய்ச்சு வேலைய வாங்கிட்டானே. கையும் வேகம், நாக்கும் வேகம்." அந்த செராபம்மோன் மறுநாளே கோயில் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "நான் சொன்ன ஜாதகம் பலிச்சுது," என்று பெருமை பேசினான். அவனுக்கு அதற்கப்புறம் கூட்டம் இரண்டு மடங்கு.

குரலைக் காட்டினான், வேலையைக் கொடுக்கவில்லை. நாணயமாக இருந்தான், கணக்கில் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் மடக்கிக் கேட்டான். அதையும் அவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள். நேராகப் போய் அவனையே திட்டினேன்.

"உனக்கு ரோஷமே கெடையாதாடா? அந்த டியோகாஸ நாலு அடி அடிச்சிருக்க வேணாமா? என்னையும் அடிக்க விடல!"

அவன் பெட்டியின் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். டியோகாஸ் கடை எண்ணெய் இல்லை, அதையும் பார்த்தேன்.

"அடிச்சா செவ்வாய்ம்பாங்க, மாமா. பேசினா புதன்ம்பாங்க. சும்மா இருந்தா சனிம்பாங்க. நான் என்ன செஞ்சாலும் அவங்களுக்கு ஒரு கல்லு இருக்கு."

"அப்ப என்னதான் செய்யப் போற?"

"கூவப் போறேன்."

கூவுகிறான். வருஷங்கள் ஆகிவிட்டன. பொருளை யாராவது கொண்டுவந்தால் சும்மா வாங்கிப் பெட்டியில் போடமாட்டான். ஹெர்மெஸ் கல்லின் பீடத்தில் ஏறி நின்று, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "செப்பு வளையல் ஒண்ணு, பக்கத்துல நெளிஞ்சது, கொண்டு வந்தது படகுக்கார ஆமோன்!" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் உள்ளே போடுவான். பழைய கிழவர் இதெல்லாம் செய்ததில்லை. அவர்மேல் யாரும் சந்தேகப்படவில்லை, செய்யத் தேவையுமில்லை. இப்போது வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து, அலெக்சாந்திரியாச் சந்தையில் எவ்வளவு அழகான வழக்கம் என்கிறார்கள். வழக்கமாம்! ஒரு மனுஷன் காலமெல்லாம் கையை விரித்துக் காட்டுவது இவர்களுக்கு அழகாக இருக்கிறது.

மூஞ்சியைப் பார்க்கிறார்களா என்று ஒரு நாள் கேட்டேன். "கூவுறப்ப பாக்குறாங்க, மாமா," என்றான். "பொருளத் திருப்பிக் குடுக்குறப்ப கையத்தான்." பொருளைத் திருப்பி வாங்குகிறவன் அவன் எதிரிலேயே எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவான். நான் பக்கத்தில் நின்றால் அப்படிச் செய்ய மாட்டார்கள். அதனால் சந்தை நாளில் எனக்கு நேரம் கிடைத்தால் போய் நிற்கிறேன்.

இந்த வருஷம் அவனுக்கு ஒரு பெண் குழந்தை. அவன் மனைவி தாயிசிஸ் மீன்காரியின் மகள். அன்றைக்குச் சந்தையில் வாய் விட்டாளே, அந்த மீன்காரிதான். பிரசவத்தன்று வாசலில் நானும் அவனும் நின்றோம். குழந்தை அழுத சத்தம் கேட்டதும் அவன் செய்த முதல் காரியம், உள்ளே போய் மருத்துவச்சியிடம் ஏதோ சொன்னது. அவள் தலையாட்டினாள். அப்புறம்தான் பிள்ளையைப் பார்த்தான்.

தெரு வந்து சேர்ந்தது. "என்ன புள்ள?" என்று கேட்ட மூச்சிலேயே, "எப்ப பொறந்துச்சு?" என்றார்கள்.

"பொம்பளப் புள்ள," என்றான்.

"நேரம்?"

"நல்லா அழுதா."

"அட, நேரத்தக் கேக்குறோம்ப்பா!"

"நல்லா அழுதான்னு சொல்றேன்ல."

தெர்மூதிஸ் அக்கா சேதி கேட்டுத் தட்டுத்தடுமாறி வந்தாள். கண் சரியாகத் தெரிவதில்லை இப்போது. குழந்தையை மடியில் வாங்கித் தடவிப் பார்த்தாள். விரலை எண்ணினாள். அப்புறம் அவளும் கேட்டாள், தெரியுமா? எல்லாம் பட்ட அவளும் கேட்டாள்.

"நேரத்தச் சொல்லுடா தம்பி. செராபம்மோன் ஐயா பையன் இப்ப பலகை வெச்சிருக்கானாம். ஒரு நடை கேட்டுட்டு வந்துடறேன். புள்ள நல்லா இருக்குமான்னு மட்டும்."

நான் சுவரில் ஓங்கிக் குத்தினேன். கை வீங்கியதுதான் மிச்சம். அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நேரம் மறந்துபோச்சும்மா."

"சந்தையில எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக் கூவுறவன், சொந்தப் புள்ள பொறந்த நேரத்த மறப்பானா?"

"மறந்துபோச்சும்மா."

அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்து, "சரி, மறந்துபோனா போகுது," என்றாள்.

மருத்துவச்சி வாய் திறக்கவில்லை. ஆனால் வாசலில் நான் நின்றேன் என்பது ஊருக்குத் தெரியும், எனக்கு அந்த நேரமும் தெரியும். அதனால் என்னிடம் வருகிறார்கள். டியோகாஸ்கூட வந்தான். மதுக்கடையில் ஒரு முழு ஜாடி வாங்கி என் முன்னால் வைத்து, "எங்கிட்ட மட்டும் சொல்லுப்பா, யார்ட்டயும் சொல்ல மாட்டேன்," என்றான்.

ஜாடியைக் காலி செய்தேன். அவனுக்கு ஒரு சொட்டுகூட வைக்கவில்லை, நேரத்தையும் சொல்லவில்லை.